ஆடுகளத்தில் கைதட்டினோம், அவையில் கணக்குக் கேட்டோமா?

பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு செல்லும் சாலையில் மாலை வேளையில் பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். ஏரி நீர் வற்றிய வெட்டவெளியில் மீனவச் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒரு காலத்தில் அவர்கள் சட்டையின் முதுகில் 10 என்ற எண் இருந்தது. பிறகு அது 7 ஆனது, 18 ஆனது. எண் மாறினாலும் ஆசை மாறவில்லை. ஆடுகளத்தில் வென்றவரைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே நினைப்பது நம் மக்களின் இயல்பு. அதில் தவறு ஏதும் இல்லை.

ஆனால் அந்த ஆட்டக்காரர் ஆடுகளத்தை விட்டு நாடாளுமன்றத்திற்குள் நுழையும்போது நாம் என்ன செய்கிறோம்? அங்கேயும் கைதட்டிக்கொண்டே இருக்கிறோமா? அல்லது, 'ஐயா, எங்கள் சார்பாக நீங்கள் அங்கே என்ன பேசினீர்கள்? எங்கள் பணத்தை எதற்குச் செலவிட்டீர்கள்?' என்று கேட்கிறோமா? இக்கேள்வியை ஓர் உண்மை நிகழ்வின் துணையோடு சிந்தித்துப் பார்ப்பது நல்லது. ஏனெனில் அந்த நிகழ்வின் ஒரு பகுதி நம் ஏரிக்கு வடக்கே, நமக்கு அதிகத் தூரமில்லாத ஒரு சிற்றூரில் நடந்தது.

ஆறு ஆண்டுகள், ஒரு நாற்காலி

2012 ஏப்ரல் மாதத்தில் சச்சின் டெண்டுல்கர் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக அறிவிக்கப்பட்டார். ஜூன் 4 அன்று பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். அப்போது அவர் இன்னும் இந்திய அணியில் ஆடிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றது அடுத்த ஆண்டு நவம்பரில்தான். நம் அரசியல் சாசனத்தின் 80ஆம் பிரிவு இலக்கியம், அறிவியல், கலை, சமூகப்பணி ஆகிய துறைகளில் சிறந்த 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம் என்கிறது. விளையாட்டு என்ற சொல் அதில் இல்லை என்று அன்றே சிலர் வாதிட்டார்கள். ஆயினும் நாட்டின் பெரும்பாலான மக்கள் அந்த நியமனத்தை மகிழ்ச்சியோடுதான் வரவேற்றார்கள்.

2018 ஏப்ரலில் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. அந்த ஆறு ஆண்டுகளின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் இரு வேறு மனிதர்களைப் பார்ப்பது போல இருக்கிறது.

முதலில் வருகைப் பதிவேடு. அவை கூடிய நாட்களில் ஏறக்குறைய 8 விழுக்காடு நாட்களில் மட்டுமே அவர் வந்திருந்தார். நூறு நாள் பள்ளி நடந்தால் எட்டு நாள் வந்த மாணவனை நாம் என்ன சொல்வோம்? ஆறு ஆண்டுகளில் அவர் எழுப்பிய கேள்விகள் 22. முதல் கேள்வியே 2015 டிசம்பரில், புறநகர் இரயில் சேவை பற்றி வந்தது. தனிநபர் மசோதா எதையும் அவர் கொண்டுவரவில்லை. 2014 ஆகஸ்டில் அவருடைய வருகையின்மை பற்றி மற்ற உறுப்பினர்கள் அவையிலேயே குரல் எழுப்பினார்கள். அனுமதி பெறாமல் 60 நாட்கள் வராமலிருந்தால் இடத்தைக் காலியானதாக அறிவிக்க அரசியல் சாசனத்தில் வழி உண்டு. அந்த எல்லையை அவர் தாண்டவில்லை என்று அவைத் துணைத்தலைவர் விளக்கினார். குடும்பத்தில் ஒருவருக்கு நடந்த அறுவை சிகிச்சையைத் தம் தரப்புக் காரணமாக டெண்டுல்கர் கூறினார்.

ஒரு நாள் அவர் பேச எழுந்தார் என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். 2017 டிசம்பர் 21 அன்று, விளையாடும் உரிமை பற்றியும் நாட்டின் விளையாட்டு எதிர்காலம் பற்றியும் பேச அவர் ஆயத்தமாக வந்திருந்தார். வேறொரு பிரச்சினைக்காக அவையில் எழுந்த கூச்சலில் அவரால் பேசவே முடியவில்லை. நின்றார், காத்திருந்தார், அமர்ந்தார். மறுநாள் தம் உரையைக் காணொளியாக மக்கள் முன் வைத்தார். அந்த நாளின் குறையை அவர் மீது மட்டும் சுமத்த இயலாது. பேச வந்தவரைப் பேச விடாத அவைக்கும் அதில் பங்கு உண்டு.

இனி மறுபக்கம். 2012இல் டில்லியில் தமக்கு ஒதுக்கப்பட்ட அரசு இல்லத்தை, மக்கள் பணம் வீணாகக் கூடாது என்று கூறி ஏற்க மறுத்தார். ஆறு ஆண்டுகளில் பெற்ற ஊதியமும் படிகளுமாகிய ஏறக்குறைய 90 இலட்சம் ரூபாயையும் பிரதமரின் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து நாடெங்கும் 185 பணிகளுக்குப் பரிந்துரைத்ததாக அவருடைய அலுவலகம் பட்டியல் வெளியிட்டது. கல்விக் கூடங்களுக்கான கட்டடங்கள் அவற்றில் முக்கிய இடம் பெற்றன. 2017 செப்டம்பரில் மும்பையின் எல்பின்ஸ்டன் இரயில் நிலைய நடைபாலத்தில் நெரிசலில் மக்கள் இறந்தபோது, மும்பை நிலையங்களின் நடைபாலங்களுக்காகத் தம் நிதியிலிருந்து 2 கோடி ரூபாய் ஒதுக்க முன்வந்தார்.

ஏரிக்கு வடக்கே ஒரு சிற்றூர்

நம் ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் இருப்பதை நாம் அறிவோம். அந்தப் பக்கம், அன்றைய நெல்லூர் மாவட்டத்தில், கூடூருக்கு அருகே புட்டம்ராஜுவாரி கண்டிரிகா என்ற சிற்றூர் உள்ளது. நூறு குடும்பங்களுக்குச் சற்று அதிகம். 2014 அக்டோபரில் மத்திய அரசு முன்மாதிரி கிராமத் திட்டத்தைத் தொடங்கியபோது, டெண்டுல்கர் இந்த ஊரைத் தத்தெடுத்தார். நவம்பர் 16 அன்று நேரில் வந்தார். சாலை, குடிநீர், கழிப்பறை, கழிவுநீர் வடிகால், சமுதாயக் கூடம், விளையாட்டுத் திடல் என்று பணிகள் நடந்தன. 2016 நவம்பரில் மீண்டும் வந்து பார்த்தார். மராட்டியத்தில் உஸ்மானாபாத் மாவட்டத்திலிருந்த டோஞ்சா என்ற ஊரையும் பின்னர் ஏற்றுக்கொண்டார்.

வறுமையில் கிடந்த ஓர் ஊருக்குத் தண்ணீரும் கழிப்பறையும் வந்தால் அது நன்மையே. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டியுள்ளது. கண்டிரிகாவுக்குக் கிடைத்தது அந்த ஊரின் உரிமையா, அல்லது ஒரு பெரிய மனிதரின் அன்பளிப்பா? அவர் விரல் அந்த ஊரைச் சுட்டாமல் பக்கத்து ஊரைச் சுட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாடாளுமன்ற உறுப்பினரின் முதல் வேலை ஓர் ஊருக்குக் கொடை கொடுப்பது அல்ல. எல்லா ஊர்களுக்கும் தண்ணீர் வரும்படி சட்டத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் கேள்வி கேட்பது. அந்த இடத்தில்தான் 8 விழுக்காடு என்ற எண் நம்மை உறுத்துகிறது. கொடுத்த கை பெரியது. பேச வேண்டிய வாய் மட்டும் பெரும்பாலும் மூடியே இருந்தது.

ஊதியத்தைத் திருப்பிக் கொடுத்தாரே என்று சிலர் கேட்கலாம். மதிக்கத்தக்க செயல்தான். ஆனால் மக்கள் அந்த நாற்காலியில் எதிர்பார்த்தது ஊதியம் வேண்டாத ஒருவரை அல்ல. ஊதியம் வாங்கிக்கொண்டு நாள்தோறும் வந்து உழைக்கும் ஒருவரையே. தொழிலுக்கு வராத ஆள் தன் பங்கை வேண்டாம் என்று சொன்னாலும், அன்றைக்குப் படகில் ஓர் ஆள் குறைவுதானே!

நியமனமும் தேர்தலும்

வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசும்போது இன்னொரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். டெண்டுல்கர் நியமிக்கப்பட்ட அதே 2012இல், இந்திய ஹாக்கி அணியின் முன்னாள் தலைவர் திலீப் திர்க்கி ஒடிசாவிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சுந்தர்கட் மாவட்டத்தின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இருவரும் ஒரே அவையில் அமர்ந்தார்கள். ஆனால் திர்க்கி வேட்புமனுவோடு சொத்து, கடன், வழக்கு விவரங்கள் அடங்கிய பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. நியமன உறுப்பினர் தேர்தலில் நிற்பதில்லை என்பதால், அவருக்கு அந்தக் கடமை இல்லை.

இந்தப் பிரமாணப் பத்திரம் எளிதாக நமக்குக் கிடைத்த ஒன்றல்ல. குடிமக்கள் சிலர் நீதிமன்றத்திற்குச் சென்று போராடியதால், 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் வந்தது. அரசியல் கட்சிகள் ஒன்று சேர்ந்து சட்டம் திருத்தி அதன் வீரியத்தைக் குறைக்க முயன்றபோது, 2003 மார்ச் 13 அன்று நீதிமன்றம் அதை மீண்டும் உறுதி செய்தது. வாக்களிப்பவருக்கு வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்பதே அதன் சாரம்.

2021 அக்டோபரில் 'பண்டோரா ஆவணங்கள்' வெளிவந்தபோது, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் தொடர்பில் டெண்டுல்கரின் பெயரும் அடிபட்டது. முதலீடு முறையானது, வரித் துறையிடம் தெரிவிக்கப்பட்டது என்று அவர் தரப்பு விளக்கியது. அத்தகைய ஆவணத்தில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். நாம் அவரைத் தீர்ப்பிட இங்கு வரவில்லை. ஆனால் ஒரு பாடம் உண்டு. நியமன உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைப் போலவே தம் சொத்து விவரத்தை மக்கள் முன் வைக்கும் கடமை இருந்திருந்தால், பல ஆண்டுகள் கழித்து இப்படி ஒரு கேள்வி எழும்போது யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. நல்லவருக்கும் அதுவே பாதுகாப்பு.

அவையிலும் ஆடியவர்கள்

விளையாட்டு வீரர் என்றால் அவையில் இப்படித்தான் இருப்பார் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா. அவர்தான் பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடி மக்களின் குரலானார். 1946 டிசம்பரில் அச்சபையில் பேசியபோது, மற்றவர்கள் இழிவாகச் சொல்லும் 'காட்டுவாசி' என்ற பெயரையே பெருமையோடு ஏற்றுக்கொண்டு தம் மக்களின் உரிமையைக் கேட்டார். 1952 முதல் 1970இல் இறக்கும்வரை மக்களவையில் இருந்தார். அவர் வென்ற பதக்கத்தை மறந்தவர்கள்கூட அந்தப் பேச்சை மறக்கவில்லை.

1983இல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்த கீர்த்தி ஆசாத், பீகாரின் தர்பங்காவிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். டில்லி கிரிக்கெட் சங்கத்தில் பண முறைகேடு நடந்ததாகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார். அச்சங்கத்திற்கு முன்பு தலைமை வகித்தவர் அவருடைய கட்சியின் மூத்த தலைவர். குற்றச்சாட்டை அத்தலைவர் மறுத்தார். 2015 டிசம்பரில் ஆசாத் கட்சியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அவர் சொன்னது முழுவதும் சரியா என்பது வேறு கேள்வி. ஆனால் தாம் ஆடிய ஆட்டத்தின் கணக்கையே கேட்பதற்கு ஒரு துணிவு வேண்டும். அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதல்ல.

பிரேசில் நாட்டின் ரொமாரியோவை நம் இளைஞர்களில் கால்பந்து இரசிகர்கள் அறிவார்கள். 1994இல் உலகக் கோப்பையை வென்றவர். 2010இல் நாடாளுமன்றத்திற்கும் 2014இல் மேலவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய மகளுக்கு டவுன் நோய்க்குறி உண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக 2015இல் பிரேசிலில் நிறைவேறிய விரிவான சட்டத்திற்கு மேலவையில் அறிக்கையாளராகப் பொறுப்பேற்று உழைத்தவர் அவர்தான். தம் நாட்டில் 2014 உலகக் கோப்பைக்குச் செய்யப்பட்ட பெருஞ்செலவை வெளிப்படையாகக் கண்டித்தார். தம் வீட்டில் பட்ட நோவை நாட்டின் சட்டமாக்க உழைத்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

எதிர்மாறான காட்சியும் உண்டு. பிலிப்பீன்ஸ் நாட்டின் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ் 2010 முதல் அந்நாட்டின் கீழவை உறுப்பினராக இருந்தார். 2014ஆம் ஆண்டு முழுவதிலும் அவர் அவைக்கு வந்தது நான்கே நாட்கள் என்று அந்நாட்டுச் செய்தித்தாள்கள் எழுதின. ஆயினும் 2016இல் மக்கள் அவரை மேலவைக்கே அனுப்பினார்கள். புகழ் கண்ணை மறைப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அந்த ஆறுதலால் பயன் ஒன்றும் இல்லை.

கரையில் நாம் கற்ற கணக்கு

வெளிப்படைத்தன்மை என்பது ஏதோ படித்தவர்களின் சொல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. கடலிலிருந்து படகு கரைக்கு வந்ததும் மீன் எல்லார் கண் முன்னால்தான் கொட்டப்படுகிறது. ஏலம் எல்லார் காது கேட்கத்தான் நடக்கிறது. படகுக்கு எவ்வளவு, வலைக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது மறைவில் நடந்தால் மறுநாள் அந்தப் படகில் யார் ஏறுவார்? ஏரியில் இருக்கும் பாடு முறையும் அப்படித்தான். எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பது ஊர் கூடி, சீட்டுப் போட்டு, எல்லாரும் அறிய முடிவாகிறது. தணிக்கை அலுவலகம் தோன்றும் முன்பே கணக்கை வெளிச்சத்தில் வைக்கப் பழகியவர்கள் நம் முன்னோர்.

அதே வேளையில் நம் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாடு முறையில் இடம் உள்ளவர்களுக்குள்தான் இந்த வெளிச்சம். அதற்கு வெளியே நிற்கும் ஊர்களுக்கும், கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கும், கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களுக்கும் அந்த வட்டத்தில் அமர்ந்து பேச இடம் எங்கே? கணக்கு வெளிப்படையாக இருந்தால் மட்டும் போதாது. அதைக் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதும் முக்கியம். நம் சங்கங்களிலும் பங்கிலும் ஆண்டுக் கணக்கை வாசிக்கும்போது எத்தனை பேர் உட்கார்ந்து கேட்கிறோம்? நம் வீட்டில் கேட்காத கணக்கை டில்லியில் கேட்கும் துணிவு நமக்கு எப்படி வரும்?

நம் தொகுதியில் நாம் கேட்க வேண்டியவை

நமது சட்டமன்றத் தொகுதி பொன்னேரி. நாடாளுமன்றத் தொகுதி திருவள்ளூர். உறுப்பினர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர், முன்பு என்ன தொழில் செய்தவர் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவர் விளையாட்டு வீரராக இருக்கலாம், நடிகராக இருக்கலாம், அதிகாரியாக இருந்திருக்கலாம், நம்மைப் போல் வலை இழுத்தவராகவும் இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தான். வந்தாரா? பேசினாரா? கணக்குக் காட்டினாரா?

நமக்காகப் பேச வேண்டியவை குறைவா? முகத்துவாரம் மணல் மூடிப்போகும்போது ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீரோட்டம் நிற்கிறது, இறாலும் மீனும் குறைகின்றன. படகுகள் கடலுக்குப் போக வழியில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் பற்றி நம் கரையோர மக்கள் அச்சம் கொண்டிருக்கிறார்கள். 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கூட்டமும் நடக்காமல் ஒத்திவைக்கப்பட்டன. ஸ்ரீஹரிக்கோட்டாவில் ஏவுகலம் பாயும் நாட்களில் கடலுக்குப் போகாதீர்கள் என்கிறார்கள். நாட்டின் பெருமைக்காக நாமும் கரையில் நின்று அண்ணாந்து பார்த்துக் கைதட்டுகிறோம். அன்றைய நாளின் வருமானத்திற்கு யார் பொறுப்பு என்று அவையில் எழுந்து கேட்க வேண்டியவர் யார்?

இதற்கு வழிகள் நம் கையிலேயே இருக்கின்றன. முதலாவது, ஒவ்வொரு வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தையும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் படிக்கலாம். சென்ற முறை கொடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சொத்து எப்படி வளர்ந்தது என்பது தெரியும். இரண்டாவது, உறுப்பினர் எழுப்பிய கேள்விகளும் அமைச்சர் தந்த பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கின்றன. 'பழவேற்காடு' என்ற சொல் அங்கே எத்தனை முறை ஒலித்தது என்று நம் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு மாலை நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது, தொகுதி மேம்பாட்டு நிதி. 1993இல் தொடங்கிய இத்திட்டத்தில் 2011 முதல் ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்கீடு உள்ளது. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 ஏப்ரலில் நிறுத்தப்பட்டு, 2021 நவம்பரில் மீண்டும் தொடங்கப்பட்டது. உறுப்பினர் பரிந்துரைக்கிறார், மாவட்ட நிர்வாகம் நிறைவேற்றுகிறது. ஆகவே வேலை நடக்கவில்லை என்றால் உறுப்பினர் பரிந்துரைக்கவில்லையா, அல்லது அலுவலகத்தில் தேங்கிக் கிடக்கிறதா என்று பிரித்துக் கேட்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு எழுதினால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வலை பின்னும் கூடமும் ஏலக்கூடமும் காகிதத்தில் கட்டப்பட்டனவா, கரையில் கட்டப்பட்டனவா என்பது அதில் தெரிந்துவிடும்.

நான்காவது, கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. தீர்மானத்தில் நம் ஊரின் தேவை எழுத்தில் ஏறினால், நாளை உறுப்பினரிடம் கேட்பதற்கு நம் கையில் ஒரு தாள் இருக்கும். நம் அன்பியக் கூட்டங்களில் ஒரு முறை இதற்காகவே அரை மணி நேரம் ஒதுக்கினால் என்ன?

ஓர் எச்சரிக்கையும் தேவை. வருகை எண்ணிக்கை மட்டுமே ஒருவரின் உழைப்பை அளந்துவிடாது. கையெழுத்திட்டுவிட்டு வெளியேறுபவர்களும் உண்டு. அவையில் அதிகம் பேசாமல் குழுக்களில் கடுமையாக உழைப்பவர்களும் உண்டு. எனவே எண்களை வைத்து யாரையும் அவசரமாகப் பழிக்க வேண்டாம். எண்கள் நமக்குக் கேள்வியைத் தருகின்றன. பதிலை அந்த உறுப்பினரின் வாயிலிருந்துதான் பெற வேண்டும்.

முடிவாக

சச்சின் டெண்டுல்கரின் ஆறு ஆண்டுகள் நமக்குச் சொல்வது இதுதான். நல்ல மனிதராக இருப்பதும் கொடையாளியாக இருப்பதும் ஒன்று. மக்களின் பிரதிநிதியாக இருப்பது வேறொன்று. ஆடுகளத்தில் அவர் ஒருபோதும் ஆட்டத்திற்கு வராமல் இருந்துவிட்டு, பரிசுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று நினைத்தவர் அல்ல. அந்த ஒழுங்கை அவையிலும் எதிர்பார்ப்பது அவரை அவமதிப்பதாகாது.

வெட்டவெளியில் ஆடும் நம் சிறுவர்களைப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒருவன் உரக்க எண்ணிக்கொண்டே இருப்பான். தவறாக எண்ணினால் பத்துப் பேர் கூச்சலிடுவார்கள். அடித்தவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் கணக்கில் சலுகை கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு வாக்குரிமை வரும் நாளிலும் அந்தப் பழக்கம் அவர்களை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களாகிய நமது கடமை. சிந்திப்போம். கேட்கத் தொடங்குவோம்.